படுத்த படுக்கையா இருக்குற அம்மாவுக்கு டயபர் மாத்துறேன், தனியாளா. சரியா செய்யத் தெரியல, சொல்லிக் குடுங்க

வெத்தலக்கொடி · செவ்வாய், ராத்திரி 11.40

எல்லாருக்கும் வணக்கம். இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். கும்பகோணம் பக்கம் எங்க ஊரு. அம்மாவுக்கு 71 வயசு, அஞ்சு வாரத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை வலது கால் சுத்தமா வரல, பேச்சும் போயிடுச்சு, நாம சொல்றது புரியுது ஆனா திருப்பிச் சொல்ல வார்த்த வரல. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து மூணு வாரம். பகல்ல ஒரு அக்கா வந்து பாத்துக்கிட்டாங்க, ஊருல விசேஷம்னு போனவங்க திரும்ப வரல. தங்கச்சி ஓசூர்ல, கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரி காலைல ஏழு மணி பஸ்ஸுக்குப் போனா ராத்திரிதான் வருவா. ஆக பகல் முழுக்க நான்தான்.

அம்மா 70 கிலோ இருப்பாங்க. கட்டில் சுவரோரமா கெடக்கு, அம்மாவோட இடது பக்கம் சுவரு, நான் வலது பக்கம் நிக்குறேன். என் பக்கமா இழுத்துப் புரட்டி ஒரு கையால புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால தொடைக்கப் பாக்குறேன், பாதியில நழுவி மல்லாந்துடுறாங்க, உடனே பெட்ஷீட் பூரா ஆயிடுது. நேத்து ஒரே நாள்ல மூணு பெட்ஷீட். போட்டு முடிச்சாலும் தொடை இடுக்கு வழியா லீக் ஆவுது.

அதவிடப் பெரிய கஷ்டம், நான் டயபர்ல கை வச்சதும் அம்மா முகத்த சுவத்துப் பக்கம் திருப்பிக்குறாங்க. சத்தமே இல்லாம கண்ணுல தண்ணி ஓடுது. எனக்கும் கை நடுங்குது. முதுகு முடியுற எடத்துல ஒரு ரூபா காசு அளவுக்குக் கருத்திருக்கு, அது அழுக்கா இல்ல புண்ணு வரப்போவுதான்னும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட்டூட்டி · புதன், காலை 6.15

தம்பி, நான் நர்ஸ், பதினாறு வருஷமா வார்டுல இருக்கேன். இப்பதான் டூட்டி முடிஞ்சு பஸ்ல இருந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுமையா படிங்க.

முதல்ல அந்தக் கருப்பு. அந்த எடத்துல விரலால அஞ்சு செகண்ட் அழுத்தி எடுங்க. வெளுத்துட்டு திரும்ப நிறம் வந்தா ரத்த ஓட்டம் இருக்குன்னு அர்த்தம். அழுத்தியும் மாறலன்னா, இல்ல ஒருக்களிச்சுப் படுக்க வச்சு அரை மணி நேரம் கழிச்சும் அப்படியே இருந்தா அது படுக்கைப் புண்ணோட முதல் கட்டம். நம்ம தோலு நிறத்துக்கு செவப்பு தெரியாது, அதனால கண்ண மட்டும் நம்பாதீங்க, புறங்கையால தொட்டுப் பாருங்க, சுத்தியிருக்குற தோலவிட சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, இல்ல கொழகொழன்னு இருக்கான்னு. அந்த எடத்த தேய்ச்சு மட்டும் விடாதீங்க, ரத்தம் ஓடட்டும்னு எல்லாரும் தேய்ப்பாங்க, உள்ள நொந்திருக்குற சதைய அது இன்னும் கெடுத்துடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ பக்கம் மாத்துங்க. முழுசா சாய்க்க வேணாம், முதுகுக்குப் பின்னாடி ஒரு தலகாணி முட்டுக்கொடுத்து லேசா, 30 டிகிரி மாதிரி சாஞ்சிருந்தா போதும். குதிகால் மெத்தையில படாம கெண்டைக்காலுக்குக் கீழ ஒரு தலகாணி.

இப்ப டயபர். நீங்க நிக்குற பக்கமே தப்பு, அதனாலதான் நழுவுறாங்க. அம்மாவுக்கு இடது கை நல்லாருக்கு, அந்தக் கைக்கு வேலை குடுங்க. வலது பக்கம் சுவரோ கம்பியோ இருக்குற மாதிரி படுக்க வச்சுட்டு நீங்க இடது பக்கம் நில்லுங்க. இடது காலை மடக்கச் சொல்லி, இடது கைய அந்தப் பக்கமா நீட்டிக் கம்பியைப் புடிக்கச் சொல்லுங்க, நீங்க தோள்லயும் இடுப்புலயும் கை வச்சு மெதுவா அந்தப் பக்கம் தள்ளுங்க. முதுகு உங்களப் பாத்த மாதிரி வந்துடும், அவங்களே புடிச்சுக்குவாங்க, உங்களுக்கு ரெண்டு கையும் ஃப்ரீ. வராத வலது கைய மட்டும் புரட்டுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் முன்னாடி எடுத்து வச்சிடுங்க, உடம்புக்கு அடியில மாட்டிக்கக் கூடாது. அந்தக் கையப் புடிச்சு எப்பவுமே இழுக்காதீங்க, ஸ்ட்ரோக் வந்த தோள்மூட்டு லேசுல எறங்கிடும்.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கைக்கெட்டுற தூரத்துல வச்சிடுங்க, வெதுவெதுப்பான தண்ணி, பழைய வேட்டியக் கிழிச்ச துணி ஒரு பத்து, க்ளவுஸ் ரெண்டு ஜோடி, க்ரீம், புது டயபர், அண்டர்பேட் (இடுப்புக்குக் கீழ பெட்ஷீட் மேல விரிக்குற, ஈரம் உறிஞ்சுற விரிப்பு), குப்பைக் கவர். பாதியில விட்டுட்டு ஓடுற வேலை வச்சுக்காதீங்க. மல்லாந்து இருக்கும்போதே டேப்ப பிரிச்சு அதுமேலயே மடிச்சு ஒட்டிடுங்க, இல்லன்னா தோல்ல ஒட்டி உரியும். முன்பக்கத்த முதல்ல சுத்தம் பண்ணுங்க. பொம்பளைங்களுக்கு எப்பவும் முன்னாடி இருந்து பின்னாடிதான் தொடைக்கணும், ஒவ்வொரு தடவையும் துணியோட சுத்தமான பக்கம். மாத்தித் தொடைச்சா மோஷன் கிருமி யூரின் போற எடத்துக்குப் போயி இன்ஃபெக்‌ஷன் வந்துடும். அப்புறம் டயபரோட முன்பக்கத்த உள்பக்கமா சுருட்டி காலுக்கு நடுவுல தள்ளிட்டு அம்மாவப் புரட்டுங்க. பின்னாடி தொடைச்சுட்டு அழுக்கு டயபர சுருட்டி உடம்புக்கு அடியில தள்ளி, க்ளவுஸ மாத்திட்டு, புது டயபரையும் அண்டர்பேடையும் பாதி சுருட்டி அதுக்குப் பக்கத்துலயே வைங்க. மல்லாக்கப் படுக்க வச்சு கொஞ்சம் உங்க பக்கம் சாச்சா பழச உருவிடலாம், புதுச இழுத்து விரிச்சிடலாம். ஈரத்த ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. நல்லா காஞ்சப்புறம் ஜிங்க் ஆக்சைடு க்ரீமோ வாஸ்லினோ மெல்லிசா, அப்பி வைக்காதீங்க, அப்பினா டயபர் உறிஞ்சாது.

லீக் ஆகுறதுக்குக் காரணம் முக்காவாசி இதுதான்: போடுறதுக்கு முன்னாடி டயபர நீளவாக்குல மடிச்சு விட்டா ஓடம் மாதிரி குழிஞ்சு வரும், அப்படியே காலுக்கு நடுவுல கொண்டு வாங்க. தொடை இடுக்குல எலாஸ்டிக் மடங்கி உள்ள போயிருக்கும், விரல விட்டு ரெண்டு பக்கமும் வெளிய எடுத்து விடுங்க. கீழ் டேப்ப முதல்ல, மேல்நோக்கிச் சாய்வா. மேல் டேப்ப அப்புறம், கீழ்நோக்கிச் சாய்வா. வயித்துல ரெண்டு விரல் போற அளவு எடம் இருக்கணும்.

சந்தனப்பேலா · புதன், காலை 9.02

எங்க மாமனார எட்டு மாசம் பாத்தோம். தண்ணில நாலு சொட்டு டெட்டால் விட்டுத் தொடைச்சு, காஞ்சதும் பவுடர் நல்லா தூவிடுவோம், வாடையே இருக்காது. ராத்திரிக்கு ரெண்டு டயபர் ஒண்ணுமேல ஒண்ணு போட்டுட்டா காலைல வரைக்கும் கவலை இல்ல.

நைட்டூட்டி · புதன், மதியம் 1.30

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, இது மூணும் வேணாம். டெட்டால் வயசானவங்க தோல எரிச்சு வறளடிச்சிடும், வெறும் வெந்நீர் போதும், மோஷன் போயிருந்தா மட்டும் கொஞ்சம் மைல்டான சோப்பு. பவுடர் ஈரத்துல சேந்து தொடை இடுக்குல கட்டிகட்டியா நிக்கும், அது உரசியே தோலு உரியும். ஒண்ணுமேல ஒண்ணு போட்டா உள்ள இருக்குறதோட பிளாஸ்டிக்கத் தாண்டி வெளிய இருக்குறதுக்கு ஒரு சொட்டு போகாது, சூடும் வேர்வையும்தான் மிச்சம்.

சந்தனப்பேலா · புதன், மதியம் 2.10

அவருக்கு கடைசில இடுப்புல புண்ணு வந்துச்சு சிஸ்டர். எதனாலன்னு இப்பத்தான் யோசிக்குறேன். யாரும் எங்களுக்கு இத சொல்லித் தரல.

மெடிக்கல்கடை · புதன், மாலை 4.45

நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். தொப்புளச் சுத்தி ஒரு அளவு, இடுப்புல அகலமான எடத்துல ஒரு அளவு எடுங்க, எது பெருசோ அந்த சைஸ். பெருசா வாங்கினா நிறைய புடிக்கும்னு எக்ஸ்எல் கேக்குறாங்க, லூசா இருந்தா ஓரத்துல ஒழுகத்தான் செய்யும். படுத்தே இருக்குறவங்களுக்கு டேப் டைப்தான், பேன்ட் டைப் எந்திரிச்சு நடமாடுறவங்களுக்கு. வெளிப்பக்கம் நடுவுல ஒரு கோடு இருக்கும், நனைஞ்சா நிறம் மாறும், பிரிச்சுப் பாக்க வேண்டியதில்ல. அண்டர்பேட் 60க்கு 90 செ.மீ. சைஸ் வாங்குங்க, பெட்ஷீட் தப்பிக்கும். ராத்திரிக்குன்னா டயபருக்குள்ள வைக்குற பேடு தனியா விக்குது, அது அடியில பிளாஸ்டிக் இல்லாம வரும்.

கரிசல்கால் · புதன், மாலை 6.20

சொல்றேன்னு வருத்தப்படாதீங்க ப்ரோ. பெத்த தாய்க்கு மகன் இத செய்யக் கூடாது, அவங்க அழுவுறதே அதுக்குத்தான். கடன வாங்கியாவது ஒரு பொம்பள ஆள வைங்க. இல்லன்னா டாக்டர்ட்ட சொல்லி யூரின் ட்யூப் போட்டுடுங்க, பாதி வேலை மிச்சம்.

திண்ணைவாசி · புதன், ராத்திரி 8.50

தம்பி வெத்தலக்கொடி, எனக்கு 76 வயது. என் மனைவிக்கு அல்சைமர்ஸ் வந்து ஏழு வருஷம், நடை நின்னு ரெண்டு வருஷம். நான்தான் மாத்துறேன். கல்யாணம் ஆகி நாப்பத்தொம்பது வருஷம் ஆன புருஷன், அப்படியிருந்தும் முதல் மாசம் என்னைக் கண்டா கையைத் தட்டிவிடுவா, ஒருதரம் நகத்தால கீறினா. அவளுக்கு நான் யாருன்னு தெரியலைங்கிறதால மட்டும் இல்ல. ஒண்ணும் சொல்லாம போய் துணிய விலக்கினா யாருக்குத்தான் பதறாது?

அதுக்கப்புறம் வழக்கத்த மாத்தினேன். கதவைச் சாத்திடுவேன், ஜன்னல் திரை போட்டுடுவேன், வீட்டுல ஆள் இல்லைன்னாலும் சாத்துவேன், அது அவளுக்காக. முகத்துக்கு நேரா நின்னு, "இப்ப துணி மாத்தப் போறேன்மா, முதல்ல இந்தப் பக்கம் சாய்க்கிறேன்"னு ஒவ்வொண்ணா சொல்லிட்டுத்தான் கை வைப்பேன். குளிர்ந்த கையோட தொடமாட்டேன், வெந்நீர்ல நனைச்சுட்டு வருவேன். இடுப்புமேல ஒரு துண்டு எப்பவும் இருக்கும், தொடைக்கிற எடம் மட்டும்தான் வெளிய தெரியும். கையில பிடிச்சுக்க ஒரு மடிச்ச துண்டு குடுத்திடுவேன், அடிக்கிற கைக்கு ஒரு வேலை. இப்பவும் சில நாள் அழறா. ஆனா கீறுறது இல்ல.

மகன் செய்யக் கூடாதுன்னு ஒரு தம்பி எழுதியிருக்கார். பெண் துணை கிடைச்சா நல்லதுதான், அம்மா விருப்பமும் அதுவா இருந்தா கட்டாயம் தேடுங்க. ஆனா கிடைக்கிற வரைக்கும் ஈரத்துல கிடக்கவிட முடியுமா? உங்க அம்மாவுக்குப் பேச வரலை, புரியுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அவங்ககிட்டயே கேளுங்க. சரின்னா கைய அழுத்தச் சொல்லுங்க.

நைட்டூட்டி · வியாழன், காலை 6.40

ஐயா சொன்ன மாதிரி செய்யுங்க, ஆஸ்பத்திரியில எங்களுக்கு அவசரத்துல விட்டுப்போறது இதுதான்.

ட்யூப் பத்தி: வேலை மிச்சம்ங்கிறதுக்காக யூரின் ட்யூப் போடக் கூடாது. வச்சிருக்குற ஒவ்வொரு நாளும் இன்ஃபெக்‌ஷனுக்கு வழி. யூரின் அடைச்சுக்கிட்டா, இல்ல இடுப்புப் புண்ணு ஆழமா இருந்து ஈரமே படக் கூடாதுன்னா டாக்டரே போடுவாங்க. ஆம்பளைங்களுக்கு காண்டம் மாதிரி வெளிய மாட்டுற பை ஒண்ணு உண்டு, பொம்பளைங்களுக்கு அது சரிவராது. ஸ்ட்ரோக் வந்து அஞ்சு வாரம்தானே ஆவுது, நிறைய பேருக்கு போகப்போக கன்ட்ரோல் திரும்ப வரும், அந்த வாய்ப்ப நாமளே கெடுக்கக் கூடாது. காலைல காபியோ கஞ்சியோ குடிச்சு இருபது முப்பது நிமிஷத்துல பெட்பேன் வச்சுப் பாருங்க, வயித்துல ஏதாவது போனா குடல் அசையும், பழகிட்டா மோஷன் டயபர்ல போறது கொறைஞ்சிடும்.

இன்னொண்ணு, யூரின் கம்மியாகட்டும்னு தண்ணிய மட்டும் கொறைக்காதீங்க. யூரின் கெட்டியாகி நாத்தமும் எரிச்சலும் கூடும், மோஷன் இறுகும். இறுகினப்புறம் அந்த அடைப்பச் சுத்தி தண்ணியா ஒழுகும், வீட்டுல பேதின்னு நெனச்சு மாத்திரை குடுத்து இன்னும் கட்டிப்போகும்.

நொய்யல்கரை · வியாழன், காலை 11.15

அண்ணா, என்ற மாமியார நாலு வருசம் பாத்தனுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். நைட்டிய பின்பக்கம் மேலிருந்து கீழ வரைக்கும் வெட்டி, ரெண்டு எடத்துல நாடா வச்சுத் தச்சுக்கோங்க. தூக்கிச் சுருட்ட வேண்டியதில்ல, முன்னாடி பூரா மூடியே இருக்கும், பின்னாடி மட்டும் விலகும். யாராச்சும் பாக்க வந்தாலும் அவங்க கௌரவமா துணி போட்ட மாதிரி இருப்பாங்க. எங்க மாமியாருக்கு நெத்தியில பொட்டும் இருக்கோணும், மொதல்ல அத வெச்சுட்டுத்தான் மத்த வேலைக்கு விடுவாங்க.

கட்டிலுக்கு நாலு காலுக்கும் ஹாலோ பிளாக் வெச்சு ஒசத்துங்க. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு டிஸ்க் போயிருச்சுங்க.

வெத்தலக்கொடி · சனி, ராத்திரி 10.30

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. நடந்தத எழுதுறேன்.

சிஸ்டர், தலமாட்டயும் கால்மாட்டயும் மாத்தலாம்னு பாத்தா தல வடக்கால வருது, பெரியம்மா ஒத்துக்கவே இல்ல. அதனால கட்டிலயே எதிர்ப்பக்கம் கிழக்குச் சுவரோரமா நகத்திட்டோம், அங்க ஜன்னல் இருக்கு. வெளி ஜன்னல் கதவ சாத்திட்டு உள்பக்கக் கம்பிய அம்மா இடது கையால எட்டிப் புடிக்குறாங்க. முதல் தடவ புடிச்சப்ப எனக்கு நம்பவே முடியல, அவ்ளோ இறுக்கமா புடிச்சாங்க. நேத்து ரெண்டு பெட்ஷீட், இன்னைக்கு ஒண்ணுகூட நனையல. எலாஸ்டிக்க வெளிய எடுத்து விடுறதுதான் நான் செய்யாம விட்டது.

அந்தக் கருப்பு அழுத்துனா வெளுத்துட்டுத் திரும்புது, சூடு இல்ல. ரெண்டு மணிக்கு ஒருக்கா போன்ல அலாரம் வச்சுப் புரட்டுறேன்.

திண்ணை ஐயா, நீங்க சொன்ன மாதிரி கேட்டேன். கேக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. "தங்கச்சி வர வரைக்கும் நானே செய்யட்டுமாம்மா, இல்ல ஆள் தேடட்டுமா, நான் செஞ்சா கைய அழுத்து"ன்னேன். ரொம்ப நேரம் பேசாம கெடந்தாங்க. அப்புறம் அழுத்துனாங்க. நான் அழுதுட்டேன், அவங்க அழுவல.

ஒரு கேள்வி. தொடை இடுக்குல இன்னைக்கு செவந்து சின்னச் சின்னப் புள்ளியா இருக்கு, கையால சொறியப் பாக்குறாங்க. க்ரீம் போதுமா?

நைட்டூட்டி · ஞாயிறு, காலை 7.05

பெருசா ஒரு செவப்பு, அதச் சுத்தி தனித்தனியா புள்ளி, அரிப்புன்னா அது பெரும்பாலும் பூஞ்சை தம்பி. ஜிங்க் க்ரீம் மட்டும் போதாது. கடையில நீங்களா ஏதும் வாங்கிப் போடாதீங்க, ஸ்டீராய்டு கலந்த க்ரீம குடுத்துட்டா மேலுக்கு அமுங்கிட்டு உள்ள பரவும். போட்டோவுல காட்டாம டாக்டர்ட்ட நேர்ல காட்டுங்க, சர்க்கரை டெஸ்டும் பாத்திடுங்க. தினம் ரெண்டு வேளை, இருபது நிமிஷம், டயபரப் பிரிச்சுட்டு அண்டர்பேட் மேல படுக்க வச்சு மேல வேட்டியப் போத்தி காத்தாட விடுங்க.

டாக்டர் வீட்டுக்கு வரணும்னா உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துக்குப் பேரு குடுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிரஷர் சுகர் மாத்திரை மட்டும்னு நிறைய பேர் நெனச்சிருக்காங்க, படுக்கையில இருக்குறவங்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபியும், வலி வேதனையக் கொறைச்சுப் பாத்துக்குற பேலியேட்டிவ் நர்ஸும் அதுல உண்டு. முதியோர் உதவிக்கு 14567ன்னு இலவச நம்பரும் இருக்கு.

பனங்கூடல் · ஞாயிறு, மதியம் 12.40

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். டயபர இஞ்ச எல்லாரும் பம்பஸ் எண்டுதான் சொல்லுறவை. அம்மம்மாவ நானும் அம்மாவும் பாக்கிறம். விலை கட்டுப்படியாகாது, அதால பகலில பழைய பருத்திச் சீலைய நாலா மடிச்சு கட்டிவிடுவம், கீழ றப்பர் சீற், அதுக்கு மேல துணி. நனைஞ்ச உடன மாத்தினாத்தான் சரி, அரை மணித்தியாலம் விட்டாலும் தோல் ஊறிப்போகும். இரவுக்கு மட்டும்தான் பம்பஸ். துணிய தனிய வாளியில ஊறவிட்டு, தோய்ச்சு, நல்ல வெயிலில காயப்போட வேணும். ஒரு ஆள் முழுநாளும் வீட்டில நிண்டால்தான் இது சரிவரும், வேலைக்குப் போற ஆக்களுக்குச் சரிவராது.

வெத்தலக்கொடி · ஞாயிறு, மாலை 5.20

காசு எனக்கும் பெரிய கவலைதாங்க. ஒரு நாளைக்கு அஞ்சு போகுது. காத்தாட விடுற நேரத்துக்கு உங்க மாதிரி சீலை போட்டுப் பாக்குறேன். குப்பைய என்ன செய்யுறீங்க எல்லாரும்? வண்டிக்காரம்மா நேத்து கவர வாங்காம திட்டிட்டுப் போனாங்க.

நொய்யல்கரை · ஞாயிறு, ராத்திரி 8.00

அவங்க கையால பிரிக்கிற குப்பைங்கண்ணா அது, நாமதான் பாத்துக் குடுக்கோணும். மோஷன் இருந்தா மொதல்ல டாய்லெட்ல தட்டி விட்டுருங்க, டயபர மட்டும் டாய்லெட்ல போட்டுராதீங்க, குழாய் அடைச்சுக்கும். டயபர சுருட்டி அதோட டேப்பாலயே இறுக்கி ஒட்டி, நியூஸ்பேப்பர்ல சுத்தி, மேல செவப்பு மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. திடக்கழிவு விதியிலயே சுத்தித்தான் குடுக்கோணும்னு இருக்குது. மக்குற குப்பையில கலக்கவே கூடாது. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை, வீட்டுல அம்மா படுக்கையில இருக்காங்கன்னு சொல்லுங்க.

வெத்தலக்கொடி · செவ்வாய், காலை 10.15

சொன்னேங்க. செவப்புக் கோடு போட்டுக் குடுத்தேன், வாங்கிட்டாங்க. அவங்க மாமியாரும் ரெண்டு வருஷமா படுக்கையாம், ராத்திரி போய் அவங்கதான் பாக்கணுமாம். சிஸ்டர் எழுதுன அந்தப் பக்கம் மாத்துற வெவரத்தப் பேப்பர்ல எழுதித் தாங்கன்னு கேட்டாங்க, பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்கேன், நாளைக்கு வருவாங்க.

டாக்டர் வந்து பாத்தாரு, பூஞ்சைதான், க்ரீம் குடுத்திருக்காரு. சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு.

இன்னைக்குக் காலைல வெந்நீர் மக்கோட உள்ள போனேன், கதவ சாத்திட்டுத் திரும்புறதுக்குள்ள அம்மா தானா கைய நீட்டி ஜன்னல் கம்பியப் புடிச்சுட்டாங்க. முகம் ஜன்னல் பக்கம்தான் இருந்துச்சு. நான் இன்னும் துண்ட எடுத்து மேல போடக்கூட இல்ல, கொஞ்சம் இரும்மான்னு சொல்லிட்டு துண்டத் தேடுனேன்.